இரண்டடிக் கதவு

முப்பத்தொரு வருஷமாக அடுத்தவர்கள் உடம்பை அளந்து பிழைக்கிறேன். அளவு தப்பி ஒரு துணியையும் நான் பாழாக்கியதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும், வந்தால் வரட்டும். மூச்சை உள்ளே இழுத்துத் தொப்பையை ஒளித்துக்கொண்டு நிற்கிற ஆளை எனக்குத் தெரிந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் இரண்டு அங்குலம் கூட எழுதிக்கொள்வேன். தைக்கும்போது பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் துணியை உள்ளே விடுவேன். உடம்பு ஒரே மாதிரி இருக்காது. ஊதும், வற்றும், பிள்ளை பெறும், நோயில் படுக்கும். அப்போது தையலைப் பிரித்துத் தளர்த்திக்கொள்ளத்தான் அந்தத் துணி. தொழிலுக்கு வந்த முதல் வாரமே இதைத் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவு தெரிந்தவன் வாழ்க்கையில் ஒரே ஒரு வீடு கட்டினேன். அதில் ஓர் அங்குலம்கூட உள்ளே விடவில்லை.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் வாடகை வீடுகளில் இருந்தோம். மொத்தம் ஏழு வீடு. ஏழிலும் சமையல் மேடை என் மனைவிக்கு எட்டாது. அவள் உயரம் நாலடி எட்டு அங்குலம். அவள் ரவிக்கைக்கு முக்கால் மீட்டர் துணி போதும், அதிலும் ஒரு கைக்குட்டைக்கு மிஞ்சும். அதனால் அவளை 'முக்கால்' என்றுதான் கூப்பிடுவேன். முக்காலைக் கட்டிக்கொண்டது ஓர் அரைகுறைதானே என்று அவளும் சும்மா விடமாட்டாள். மேடை எட்டுவதற்காக ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று சமைப்பாள். வீடு மாறும்போது வண்டியில் முதலில் ஏறுவது அந்தப் பலகைதான்.

ஏழாவது வீட்டில் பலகை வழுக்கிவிட்டது. கொதிக்கிற பாத்திரத்தோடு விழுந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்துபோனது. அதற்கு மருந்து தடவிக்கொண்டே, உனக்கென்று ஒரு வீடு கட்டுகிறேன், உன் உடம்பை அளந்து கட்டுகிறேன் என்று சொன்னேன். அந்த வலியிலும் அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு மனை கிடைத்தது. அகலம் பதினாறடிதான். இரண்டு பக்கமும் பின்னாலும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டி நின்றன. காற்றும் வெளிச்சமும் வர முன்பக்கத்தையும் நடுவில் ஒரு சிறிய திறப்பையும் விட்டால் வேறு வழியில்லை. இப்படி ஒடுக்கமான துணியில் வெட்டுவது எனக்கு ஒன்றும் புதிதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை வாடகை வீட்டுச் சுவரோடு நிற்க வைத்து அளவெடுத்தேன். கையில் டேப், காதில் சாக்குக்கட்டி. தரையிலிருந்து முழங்கை முப்பத்தைந்து அங்குலம். ஆகவே மேடை முப்பத்தொன்று. கையைத் தூக்கினால் அறுபத்தாறு. ஆகவே மேல் அலமாரி அறுபத்திரண்டு. முழங்கால் பதினைந்து, ஆகவே குளியலறையில் உட்கார்ந்து குளிக்க ஒரு கல் திண்டு, பதினைந்து அங்குல உயரத்தில். அவளுக்கு எப்போதும் உட்கார்ந்து, நிதானமாக, தலையோடு ஊற்றிக் குளிக்க வேண்டும். வாடகை வீட்டில் அடுத்த ஆள் கதவைத் தட்டுவான் என்று அவசர அவசரமாகக் குளித்துக் குளித்து அது ஓர் ஏக்கமாகவே ஆகிவிட்டது. பிறகு கையில் வாளியோடு நடக்கச் சொல்லி அந்த அகலத்தையும் அளந்தேன். இருபத்திரண்டு அங்குலம். அப்படியானால் குளியலறைக் கதவுக்கு இரண்டடி போதும். எல்லாவற்றையும் அளவு நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதினேன். தலைப்பில் 'முக்கால்' என்று போட்டேன்.

வீடு கட்ட வந்த மேஸ்திரி அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்துப் பார்த்தார். வீட்டின் அமைப்பு இதுதான்: முன்னால் என் தையல் அறை, அதிலிருந்து உள்ளே ஒரு நடை, நடையின் முடிவில் இடப்பக்கம் குளியலறை, வலப்பக்கம் சமையலறை, இரண்டுக்கும் நடுவில் படிக்கட்டு, ஏறிப்போனால் மேலே ஒரு படுக்கையறை. நடையை நான் இரண்டேகால் அடியில் நிறுத்தியிருந்தேன். அங்கே மிச்சம் பிடித்த இடத்தைத் தையல் அறைக்குக் கொடுத்தேன். துணி வெட்டுகிற மேசையை நாலு பக்கமும் சுற்றி வர வேண்டுமே.

"டெய்லர், நடைய மூணடி வைங்க. பாத்ரூம் கதவு ரெண்டரையாவது இருக்கட்டும்" என்றார் மேஸ்திரி. "வீடுன்னா ஆளு மட்டுமா போகும்?"

கட்டிலைக் கழற்றிக் கொண்டுபோகலாம், பீரோ முன்னறையில் இருக்கும், நாங்கள் இரண்டு பேரும் ஒல்லி, மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் விடவில்லை. தூண் எழுப்பிக் கட்டினால் பின்னால் எந்தச் சுவரை வேண்டுமானாலும் இடிக்கலாம் என்றார். தூண்கள் அறை மூலையில் துருத்திக்கொண்டு நிற்கும், எனக்குப் பிடிக்காது, சுவரே பாரம் தாங்கட்டும் என்றேன். கடைசியில் அவர் வாயை அடைக்க ஒரு வார்த்தை சொன்னேன்.

"அளவு எனக்குச் சொல்லித் தராதீங்க மேஸ்திரி. நீங்க கல்லை அடுக்குங்க."

அவர் கல்லை அடுக்கினார். நல்ல வேலைக்காரர், நான் சொன்ன அளவில் அரை அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆறு வருஷம் அந்த வீட்டில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. முதல் நாள் அவள் பலகை இல்லாமல் மேடை முன் நின்று, இரண்டு முழங்கையையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டு, அழுதாள். பலகையைத் தூக்கிப் போடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், இத்தனை வருஷம் சுமந்த பலகை என்றாள். காலையும் மாலையும் அந்தக் கல் திண்டில் உட்கார்ந்து குளிப்பாள். முன்னறையில் நான் மிஷின் மிதித்துக்கொண்டிருப்பேன், நடை வழியாகத் தண்ணீர் சத்தம் வரும். அங்கிருந்தபடியே என்னைத் திட்டுவாள், ஊர்க்கதை சொல்லுவாள், பாதியில் நிறுத்தித் தலைக்கு ஊற்றிக்கொண்டு மறுபடி தொடங்குவாள். வருகிற வாடிக்கையாளர்களிடம் வீட்டைக் காட்டாமல் நான் அனுப்பியதில்லை. மூச்சுக்கு முன்னூறு தரம் என் வீடு, என் அளவு என்று பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் முற்பகல் அந்த மேடை முன்னாலேயே விழுந்தாள். பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் போயின. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வாய் மட்டும் தப்பியது, அதுவும் கொஞ்சம் குழறலோடு.

ஆஸ்பத்திரி வண்டியில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கூடவே சக்கர நாற்காலியும் வந்தது. வாசல் கதவை மேசைக்காக நாலடி வைத்திருந்ததால் நாற்காலி கௌரவமாக உள்ளே நுழைந்தது. தையல் அறையைத் தாண்டி, நடை தொடங்குகிற இடத்தில் உள்ள கதவு நிலையில் முட்டி நின்றது. நான் பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினேன். மகள், "அப்பா, போதும்ப்பா" என்றாள். நான் டேப்பை எடுத்தேன். நாற்காலி இருபத்தைந்து அங்குலம். நிலைக்குள் இருந்தது இருபத்து மூன்று. அந்த இரண்டு அங்குலத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் குனிந்து நின்றேன் என்று தெரியவில்லை. அவள் நடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையின் ஓரம்கூட அங்கிருந்து தெரியாது.

அன்றிலிருந்து தையல் அறைதான் அவளுக்கு எல்லாம். வெட்டுகிற மேசையைப் பிரித்துவிட்டுக் கட்டில் போட்டேன். மிஷினை வாசல் ஓரத்துக்குத் தள்ளினேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனார்கள். மகள் ஒரு மாதம் இருந்தாள். அவள் வீடு மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது. அங்கே கொண்டுபோகவும் முடியாது. வாடகைக்கு அகலமான வீடு ஏதாவது பார்க்கலாமா என்று கேட்டேன். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் வீட்டில் இருந்தாகிவிட்டது, சாகவும் அங்கேயா போக வேண்டும் என்றாள் மனைவி. அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாற்பது நாள் ஆஸ்பத்திரியிலும் அதன்பின் இங்கும் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்தே விட்டோம்.

"ஏங்க, என்னை ஒரே ஒரு தடவ அந்தத் திண்டுல உக்கார வச்சுத் தலைக்கு ஊத்துங்க. அப்புறம் எதுவும் கேக்க மாட்டேன்."

மேஸ்திரியைத் தேடிப் போனேன். அவமானத்தைத் துடைத்துக்கொண்டுதான் போனேன். அவர் மறுபேச்சில்லாமல் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார், மேலே தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். குளியலறைக் கதவை இரண்டு பக்கமும் அகலப்படுத்த வழியில்லை. ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், மறுபக்கம் படியும் தொட்டியும் அமர்ந்திருக்கிற சுவர். அதில் கை வைத்தால் படி இறங்கிவிடும்.

"நடை நிலையைப் பேத்தா நாற்காலி உள்ள போகும் டெய்லர். போய் எங்க திரும்பும்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நான் அன்னிக்கு இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கணும்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போனாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இனி யாரையும் நம்பி என்ன பயன், நானே தூக்கிக்கொண்டு போகிறேன் என்று ஒருநாள் இறங்கினேன். குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அந்த நடையில் போக முடியாது. தலை ஒரு சுவரிலும் கால் ஒரு சுவரிலும் இடிக்கும். அவளை நிற்க வைத்து, மார்போடு அணைத்து, நான் பின்பக்கமாக நடந்தேன். கல்யாணத்தில்கூட இப்படிக் கட்டிப்பிடிக்கலையே என்று கிண்டல் செய்தாள். பத்தடி தூரம்தான். குளியலறை வாசலில் திரும்ப வேண்டும். நான் திரும்பினேன், அவள் திரும்பவில்லை. நான் கதவுக்குள்ளும் அவள் நடையிலுமாகச் சிக்கிக்கொண்டோம். அவளைச் சுவரோடு சரித்து மெதுவாகத் தரையில் உட்கார வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், சுவர் நெடுகிலும் இடுப்புயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அவளுடைய உணர்வில்லாத கை சொரசொரப்பான சுவரில் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. விரல் முட்டிகளில் தோல் இல்லை. அவளுக்குத் தெரியவே இல்லை.

"என்னங்க, ஏன் நின்னுட்டீங்க?" என்று கேட்டாள். திண்டு அவள் கண்ணெதிரே நாலடி தூரத்தில் இருந்தது. நான் கையைக் காட்டினேன். அவள் அதை யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தாள். அவளை வெளியே எடுக்கப் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

குறுகலான நாற்காலி ஒன்று தச்சரிடம் செய்யச் சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. அதற்காக அவளை மறுபடி அளந்தேன். வீட்டுக்காக அளந்ததற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. மருந்தும் அசையாத இருப்பும் சேர்ந்து உடம்பு ஊதிப்போயிருந்தது. உட்கார்ந்த நிலையில் இடுப்பு அகலம் மட்டும் இருபத்தோர் அங்குலம். கைப்பிடியும் சக்கரமும் சேர்த்தால் எந்தத் தச்சராலும் அந்தக் கதவுக்குள் நுழைக்க முடியாது. அளவு நோட்டில் அந்தப் பழைய பக்கத்தைத் தேடி, பழைய எண்களுக்குப் பக்கத்தில் புதிய எண்களை எழுதினேன். மேலே 'முக்கால்' என்று இருந்தது. நோட்டை மூடிவிட்டேன்.

அன்று மத்தியானம் அவளுடைய ரவிக்கைகள் பன்னிரண்டையும் எடுத்துப் பக்கத் தையலைப் பிரித்தேன். எல்லாவற்றிலும் உள்ளே துணி இருந்தது. பிரித்து, தளர்த்தி, மறுபடி தைத்தேன். பன்னிரண்டும் அவளுக்குச் சரியாக இருந்தன. மேல் துணி வெளுத்திருந்தது, பிரித்த இடம் மட்டும் புதுசு மாதிரி பளிச்சென்று தெரிந்தது. அதை அவள் தடவிப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கடைசி முயற்சியாக வாசலையே குளியலறை ஆக்கினேன். வீட்டின் முன்சுவருக்கும் தெரு மதிலுக்கும் நடுவே மூன்றடி இடம் இருக்கிறது. கெட்டித் துணியில் நாலு பக்கமும் திரை தைத்து, வளையம் வைத்துக் கம்பியில் கோத்தேன். அவளை நாற்காலியோடு உள்ளே தள்ளி, பழைய மரப்பலகையைக் காலுக்கு அடியில் போட்டு, வெந்நீரைத் தலையோடு ஊற்றினேன். முதல் செம்புக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தை ஆறு மாதம் கழித்துப் பார்த்தேன். மூன்றாவது செம்பு ஊற்றும்போது தெருவில் ஒரு லாரி போனது. அந்தக் காற்றில் திரை மேலே பறந்தது. பேருந்துக்கு நின்றிருந்தவர்கள் திரும்பினார்கள், உடனே நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் ஒரே கையால் எதை மறைப்பது என்று தெரியாமல் தவித்தாள். நான் ஓடிப்போய்த் திரையைப் பிடித்துக்கொண்டேன். திரையைப் பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கை இல்லை. ஈரத்தலையோடு அவள் அண்ணாந்து வீட்டின் முகப்பைப் பார்த்தாள்.

"வெளியில இருந்து பாக்க வீடு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அதன்பிறகு அவள் குளிப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. திரையைப் பிரித்துத் தலையணை உறை தைத்துவிட்டேன்.

போன மாதம் எதிர் மனையில் வீடு கட்டப் போகிற தம்பதி வந்தார்கள். அவன் கைபேசி பழுது பார்க்கிறவன், அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவர்கள் மனையும் எங்களுடையது போலவே பதினாறடி. தெருவில் யாரோ, டெய்லர் வீடு அளவெடுத்துக் கட்டினது, போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் நான் பீற்றிக்கொண்டதன் பலன். அந்தப் பெண் கிட்டத்தட்ட என் மனைவியின் பழைய உயரம், பழைய உடம்பு. சமையலறையைப் பார்க்கலாமா என்று கேட்டாள். நான் தயங்கினேன். "போய்ப் பாரும்மா" என்றாள் மனைவி, கட்டிலிலிருந்து.

அந்தப் பெண் நடையில் சிரமமே இல்லாமல் நடந்து போனாள். மேடை முன் நின்றாள். எந்த வீட்டிலும் இப்படிச் சரியாக இருந்ததில்லை என்று அங்கிருந்தே வியந்து சொன்னாள். என் மனைவி குரலை உயர்த்தி அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இந்நேரத்துக்கு மேடை மேல் வெயில் விழுகிறதா? அலமாரியில் கடைசி டப்பா கைக்கு எட்டுகிறதா? குளியலறையில் திண்டு காய்ந்து கிடக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தது. பதினாலு மாதமாகப் புழங்காத தன் வீட்டை அவள் ஒரு வேற்றுப் பெண்ணிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

போகும்போது என்னிடம் அறிவுரை கேட்டார்கள். கட்டி முடித்தவர், உங்களுக்கு அனுபவம் இருக்குமே என்றான் அவன். கதவெல்லாம் மூன்றடி வையுங்கள், நடை மூன்றரை, முக்கியமாகக் குளியலறைக் கதவு மூன்றடி, தூண் எழுப்பிக் கட்டுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். என் மனைவியைக் காட்டிச் சொல்ல வாய் வரவில்லை, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் மரியாதையாகத் தலையாட்டினான்.

"இடம் பத்தாதுண்ணே. நாங்க ரெண்டு பேரும் ஒல்லிதானே" என்றான் சிரித்துக்கொண்டே. மேடை உயரத்தை மட்டும் கைபேசியில் குறித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சிரிப்பை ஓங்கி அறையலாமா என்றிருந்தது எனக்கு. என் சிரிப்பாகத்தான் இருந்தது அது.

நேற்றுக் காலை எதிர் மனையில் கதவு நிலைகள் வந்து இறங்கின. கட்டிலிலிருந்து அவளுக்குத் தெரு தெரியும். சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, டேப்ப எடுத்துட்டுப் போங்க. அந்தப் புள்ளைக்கு பாத்ரூம் நிலை எவ்வளவு வச்சிருக்காங்கன்னு அளந்துட்டு வாங்க."

தெருவைத் தாண்டிப் போனேன். அந்தக் கைபேசிக்காரன் அங்கே இல்லை. கொத்தனார் சுவரில் சாத்தியிருந்த நிலைகளில் ஒன்றைக் காட்டினார். அளந்தேன். இருபத்து நாலு. நம்பாமல் மறுபடி அளந்தேன், அதேதான். சுவரும் அந்த நிலைக்கு ஏற்றபடி இடம் விட்டு எழும்பியிருந்தது. யாரையும் கூப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. என் பேச்சை நானே கேட்காதபோது என் பேச்சை வேறு யார் கேட்பார்கள்?

திரும்பி வரும்போது அவள் சாப்பிடாமல் எனக்காகவே காத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷத்தில் ஒருவருக்கும் நான் பொய் அளவு சொன்னதில்லை.

"எவ்வளவு?" என்றாள்.

"மூணடி" என்றேன்.

அவள் நல்ல கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். எதிர் மனையைப் பார்த்தாள்.

"அப்ப சரி" என்றாள். "அந்தப் புள்ளை குளிச்சுக்கும்."